டோக்கன் வெயில்

செவ்வாயும் வெள்ளியும் எனக்கு வெயில் நாள்.
கோரிப்பாளையத்தில் இறங்கி
பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் அட்டையை நீட்டினால்
வராண்டா முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார் ஜெஸிந்தா சிஸ்டர்:
'பாண்டீஸ்வரி, முப்பத்தி நாலு,
ஒரு நிமிசம் பத்து செகண்டு.'
போன மாதம் நாற்பது செகண்டு.
வயதைவிட வேகமாக ஏறுகிறது.

பீரோ மாதிரி ஒரு பெட்டி.
உள்ளே நாலு பக்கமும் நெட்டுக்குத்தாகக் குழல்விளக்கு.
தாலிச்சரடைக் கழற்றச் சொல்வார்கள்.
ஒருமுறை மறந்துபோய்
சரடின் தடம் மட்டும் வெளிறிக் கிடந்தது
கழுத்தில் ஒரு வாரம்.
கருப்புக் கண்ணாடி மாட்டிக் கதவைச் சாத்தினால்
ஓரங்களில் ஊதா கசியும்.
சூடு இல்லை. ஒரு உறுமல்.
ஃபிரிட்ஜுக்குள் சூரியனை வைத்துப் பூட்டியதுபோல.

எனக்கு முந்தின டோக்கன் மொக்கச்சாமி அண்ணன்.
'முப்பது வருசமா ஆட்டோவுல ஓசி வெயிலு, பாப்பா.
அது ஒண்ணும் கிழிக்கல.
இப்பப் பாரு, வரிசையில நின்னு வாங்குறேன்.'
புருவம் ஒன்று நரைத்த மாதிரி வெளுத்திருக்கும் அவருக்கு.
பயணிகளிடம் விபூதி என்று சொல்லியிருக்கிறார்.

பத்தரைக்கு முனிச்சாலை ஸ்டூடியோ.
வெளுக்க வைப்பது என் தொழில்.
மேலூர்ப் பெண்ணை, கள்ளந்திரிப் பெண்ணை,
பந்தக்கால் நட்ட நாளிலிருந்து அலைந்து கருத்த மாப்பிள்ளையை,
மவுஸை ரெண்டு இழுப்பு இழுத்தால்
பால்கோவா.
'கழுத்த விட்டுட்டியேம்மா' என்று திருப்பி அனுப்புவார்கள்.
கழுத்தையும் வெளுப்பேன்.
அந்தக் கருப்பெல்லாம் எங்கே போகிறது என்று
கேட்டதே இல்லை நான்.

பெட்டி முதலில் கண்டுகொண்டது என் நல்ல தோலைத்தான்.
மாநிறம் கருத்தது.
வெள்ளை வெள்ளையாகவே நின்றது.
முன்பு உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது
இப்போது எதிர் பஸ்ஸிலிருந்தே தெரிகிறது.
'சிஸ்டர், கூடிருச்சு.'
'கூடல. கரை தெரியுது.
அடுத்த தடவை சாப்பிட்டு வாங்க.'
மாடிவீட்டு விசாலம்
கருத்துவிட்டேனே என்று இரக்கப்பட்டு
சிவப்பழகு டியூப் ஒன்று தந்தாள், பாதி பிதுக்கியது.

ஆடி கடைசி வெள்ளியில்
நேரத்தைக் கூட்டி வைத்துவிட்டார்கள் யாரோ.
ராத்திரி புறங்கை எரிந்தது,
வெள்ளை மட்டும் சிவந்து.
கருப்பு, வெள்ளை, சிவப்பு.
'எந்தக் கட்சிக்கா?' என்றான் ஆல்பம் ஒட்டும் பையன்.
சிரித்துவிட்டேன்.
பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு
கையை மட்டும் நனைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

புரட்டாசியில்தான் வந்தது முதல் புள்ளி.
இடது முழங்கைக்குக் கீழே
ஒரு மயிர்க்காலின் அடியில்.
அழுக்கு என்று தேய்த்தேன். போகவில்லை.
மறு வாரம் பத்தொன்பது.
அதற்கடுத்து எண்ணிக்கை தப்பிவிட்டது.
யாராவது சுங்குடி என்று கவிதை பேசினால் அடிப்பேன்.
மிளகு. தயிர்சாதத்தில் விழுந்த மிளகு.
விரல் நுனியில் வராது என்றார் டாக்டர்,
அங்கே முடி இல்லை, கருப்புக்கு வாசல் இல்லை.
பத்து விரலையும் மடக்கிக்கொண்டு
சரி என்றேன்.

அட்டை புதுப்பிக்க ஒரு போட்டோ வேண்டும்.
செல்வின் அண்ணன் எடுத்தார்.
'நீயே சரி பண்ணிக்க' என்று டீக்குப் போனார்.
என் முகம் திரையில், என் கை மவுஸில்.
இழுத்தால் எல்லாம் வெளுக்கும், ஒன்றாகிவிடும்.
இந்தப் பக்கம் இழுத்தால் எல்லாம் கருக்கும்,
அப்போதும் ஒன்றாகிவிடும்.
நானூறு மடங்கு பெரிதாக்கி
உதட்டோரம் எண்ணினேன்.
ஆறு.
இல்லை, ஐந்து.
ஆறாவது, லென்ஸில் தூசி.

யாருக்கும் தெரியாது.
அதை அழிக்காமல் சேவ் பண்ணினேன்.